உங்கட வோட்டையும் சேர்த்து

2021 மே 14, வெள்ளி

கடதாசிக் குப்பை போடுகிற நீல மூடித் தொட்டியை வெளியே வைத்தேன். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை. வெள்ளிக்கிழமை என்பதால் மீன் இல்லை.

காலையில் சுகந்தி அளவுநாடாவோடு என் அறைக்கு வந்தாள். தம்பி பெண்டாட்டி என்றாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவாள். அந்தப் பழக்கம் நல்லது. "மச்சாள், இந்த யன்னல் எவ்வளவு அகலம் வரும்?" என்று கேட்டபடியே அளந்தாள். புதுத் திரைச்சீலை போடப் போகிறாளாம். பத்து வருடமாகத் தொங்குகிற சீலை இப்போதாவது அவள் கண்ணில் பட்டதே. என்ன நிறம் வேண்டும் என்று கேட்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. போகும்போது கட்டிலின் நீளத்தையும் அளந்துகொண்டு போனாள்.

பின்னேரம் கோயில் செயலாளர் விமலநாதன் தொலைபேசியில் பேசினார். "அக்கா, ஜூலையில கோயிலை முழுசாத் திறக்கப் போறம். மடப்பள்ளிக்குச் சம்பளத்துக்கு ஒராள் வேணும். பத்து வருசமாச் சும்மா வந்து செய்யிறியள். இனிச் சம்பளத்தோட செய்யுங்கோவன்."

அறுபத்தொரு வயதில் வேலை என்னைத் தேடி வந்திருக்கிறது! நெதர்லாந்தில், பிரேடாவில், முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடம் நின்றவள் நான். என் கணவர் பரமலிங்கம் செத்த அடுத்த வருடம் தம்பி "தனிய என்னத்துக்கு அக்கா, வாங்கோ" என்று கூப்பிட்டான். இங்கிலாந்துக்கு, கொவென்ட்ரிக்கு வந்தேன். தம்பி மகள் ஆரணியை வளர்த்தேன். அவள் பல்கலைக்கழகம் போயும் ஒரு வருடமாகிறது. சந்தோஷத்தில் தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி போட்டேன். சலரோகக்காரி செய்கிற வேலையா இது? இன்றைக்கு மட்டும்.

மே 17, திங்கள்

விமலநாதன் மறுபடி எடுத்தார். ஜூன் முப்பது வரைக்கும் ஐரோப்பிய பாஸ்போர்ட் போதுமாம். அதற்குப் பிறகு வேலைக்குச் சேருகிறவர்கள், இந்த நாட்டில் தங்க அனுமதி பதிந்ததற்கான ஒரு குறியீடு காட்ட வேண்டுமாம். "உங்களுக்கென்ன அக்கா, தம்பி முதல் வேலையா உங்களுக்குத்தான் செய்திருப்பார்" என்றார்.

உண்மைதான். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு, ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருக்கிற எங்கள் ஆட்களுக்கெல்லாம் அந்தப் பதிவைச் செய்து கொடுப்பது தம்பிதான். சனிக்கிழமை தோறும் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவான். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள், பிரான்சிலிருந்து, டென்மார்க்கிலிருந்து. காசு வாங்குவதில்லை. என்னுடையதை 2019இலேயே முடித்துவிட்டதாகச் சொன்னான்.

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். "தம்பி, என்ர பதிவுக் கடதாசி எங்க இருக்கு?"

"கடதாசி இல்லை அக்கா. எல்லாம் கொம்பியூட்டருக்குள்ள. ஆருக்கும் கடதாசி குடுக்கிறேல்லை."

"அப்ப அந்தக் குறியீட்டை எடுத்துத் தாவன். விமலநாதன் கேக்கிறார்."

கரண்டியைக் கீழே வைத்தான். "நீங்கள் வேலைக்குப் போய்த்தான் சாப்பிட வேணுமே? சனம் என்ன கதைக்கும்? தயாபரன் தமக்கையைச் சமையலுக்கு விட்டிருக்கிறான் எண்டு கதைக்கும்."

பத்து வருடமாக இந்த வீட்டில் நான் செய்வது சமையல்தான் என்பதை அவனுக்கு நினைவுபடுத்தவில்லை. தம்பி பாவம், வேலை கூட.

மே 22, சனி

மண்டபத்துக்குப் புட்டு, சம்பல் கொண்டுபோனேன். தம்பியின் மேசைக்கு முன்னால் நீள வரிசை. ஜூன் முப்பதோடு பதிவு முடிவதால் சனம் அடித்துப் பிடித்து வருகிறது. இதுவரை நூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செய்துவிட்டானாம்.

குசினிக்குள் இரண்டு பெண்கள் கதைத்தார்கள். "உந்த யூரோப் ஆக்கள் வந்துதானே இங்க வீடும் இல்லை, பள்ளிக்கூடத்தில இடமும் இல்லை." நான் பக்கத்தில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நான் யூரோப் ஆள் இல்லை, 'ஹொலண்ட் மாமி'. தங்களோடு நிற்கிற ஆளை விட்டுவிட்டுத்தான் மனிதர் மற்றவர்களைப் பற்றிக் கதைப்பார்கள். மிச்சத் தேங்காயையும் துருவினேன்.

மே 26, புதன்

திரைச்சீலை வந்தது. நீலம். கோடு போட்டது. ஆம்பிளைப் பிள்ளைகளின் அறைக்குப் போடுவது மாதிரி இருக்கிறது. சுகந்தி "வடிவா இருக்கெல்லே?" என்றாள். வடிவுதான் என்றேன்.

ஜூன் 3, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கருத்துக்கணிப்பு. நாடு ஒன்றியத்தை விட்டுப் போக வாக்களித்து ஐந்து வருடம் ஆகிறதாம், மக்கள் இப்போது என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிறார்களாம். தம்பிக்குக் கருத்துக் கேட்டால் பிடிக்கும். சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

இந்த வீட்டில் எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. வாயைத் திறந்தால் எனக்கு முதலில் டச்சு வரும். அதைப் பிடித்து நிறுத்தி ஆங்கிலத்தைத் தேடி எடுப்பதற்குள் எதிரில் இருப்பவர் பேசி முடித்துவிடுவார். ஆனால் காதுக்கு அந்தத் தடையில்லை. பிரேடாவில் இரவு வகுப்பில் படித்தவள், இங்கே பத்து வருடம் தொலைக்காட்சி பார்த்தவள். எல்லாம் விளங்கும். நான் அதை ஒருநாளும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அந்தப் பெண் கேட்டாள்: 2016இல் எப்படி வாக்களித்தீர்கள்?

தம்பி சொன்னான்: வெளியேற வேண்டும் என்று.

இப்போது யோசித்தால் அது சரியான முடிவா, பிழையா?

சரி.

உங்களுக்கு அதனால் நன்மையா, தீமையா?

நன்மை. என் மனைவியின் தம்பிக்கு வேலை விசா கிடைக்கப் போகிறது. முன்பென்றால் கிடைத்திருக்காது.

உங்கள் வீட்டில் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர் யாராவது இருக்கிறார்களா?

இல்லை.

வீட்டில் மொத்தம் எத்தனை பெரியவர்கள்?

இரண்டு பேர். மகள் படிக்கப் போயிருக்கிறாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அவசரத்தில் சொல்லியிருப்பான். முன்பின் தெரியாத பெண்ணிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்ன? முதல் கேள்விக்கும் விளையாட்டாகச் சொல்லியிருப்பான். கூட்டத்துக்கு ஏற்றபடி கதைக்கிற ஆள்தான் தம்பி, சின்னதிலிருந்தே.

ஜூன் 4, வெள்ளி

குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 11, வெள்ளி

நீல மூடித் தொட்டியை எடுக்கப் போனபோது மோரீன் வேலியடியில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறியவள், எழுபது வயது, குதிரைப் பந்தயம் கட்டுவதற்காகவே பெரிய போன் வாங்கி வைத்திருக்கிறாள். முதல் வருடம் தொட்டி மாற்றி வைத்ததற்கு என்னை நடுத்தெருவில் வைத்துக் கிழித்தாள். அதிலிருந்து சிநேகிதம். அவளோடு பேசினால் மட்டும் எனக்கு ஆங்கிலம் வரும். நான் தேடி எடுக்கும்வரை காத்திருப்பாள். அவள் சொல்வதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?" என்றாள்.

குறியீட்டுக் கதையைச் சொன்னேன். பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொன்னாள். குசினி மேசையில் போனை வைத்து அரசாங்கப் பக்கத்தைத் திறந்து என் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாம் போட்டாள். இல்லை என்று வந்தது. கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி போட்டாள். இல்லை. உதவி எண்ணுக்கு அடித்து ஒரு மணி நேரம் இசை கேட்டோம். கடைசியில் ஓர் ஆண் வந்து, இந்தப் பெயரில் எந்தக் காலத்திலும் விண்ணப்பமே இல்லை என்று மரியாதையாகச் சொன்னான்.

"வீட்டு வரி, கரண்ட் பில், ஏதாவது உன்ர பேரில வருதே?" என்று மோரீன் கேட்டாள். இல்லை. எங்கள் குடும்பங்களில் யார் அப்படிப் பெயரைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்? ஒரு வீடு, ஒரு பெயர். தம்பியின் பெயர் இருந்தால் என் பெயரும் இருக்கிற மாதிரித்தான். வங்கி இல்லை, போன் இல்லை, காப்புறுதி எண் இல்லை.

"வாக்காளர் பட்டியல்? உள்ளூராட்சித் தேர்தலில ஐரோப்பிய ஆக்களுக்கும் வோட் இருக்கு. போன மாதமும் நடந்ததே. உன்ர தம்பியும் பெண்சாதியும் போனதைக் கண்டனான். நீ ஏன் போகேல்லை?"

எனக்கு வாக்கு இருப்பதே இன்றுதான் தெரியும்.

"வருசா வருசம் வீட்டுக்கு ஒரு படிவம் வரும். அந்த வீட்டில ஆரார் இருக்கினம் எண்டு எழுதி அனுப்ப வேணும். ஆர் எழுதுறது?"

"தம்பிதான்" என்றேன். மோரீன் எழும்பிப் போய்க் கேத்திலை வைத்தாள்.

ஜூன் 12, சனி

தம்பியிடம் திரும்பக் கேட்டேன். "என்ர பதிவை ஒருக்காக் கொம்பியூட்டரில காட்டன்."

"சேர்வர் வேலை செய்யேல்லை அக்கா. சனம் கூடிப் போச்சு." பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்து பல நாளாகிறது. "அக்கா, ஒண்டு யோசிச்சனான். ஹொலண்டில உங்களுக்குப் பென்சன் வரும். நல்ல முதியோர் வீடு குடுப்பாங்கள். அத்தான் கண்மூடின இடமும் அதுதானே. ஒரு ஆறு மாசம் போய் நிண்டு பாருங்கோ. பிடிக்காட்டித் திரும்பி வாங்கோ. உங்கட வீடு இது."

சுகந்தி உள்ளேயிருந்து சொன்னாள். "கிருபாவுக்கு விசா வந்திட்டுது மச்சாள். ரெஸ்டாரன்டில செஃப் வேலை. ஓகஸ்டில வாறான்."

கிருபாகரன் அவளுடைய தம்பி. வவுனியாவில் இருக்கிறான். படத்தில் பார்த்தால் நல்ல உயரம். என் கட்டிலின் நீளம் அவனுக்குக் காணுமோ தெரியாது.

நேற்று மோரீன் வாசித்துக் காட்டிய பக்கத்தில் ஒன்று இருந்தது. பதியாமல் ஜூன் முப்பதுக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனால், திரும்பி வந்து குடியிருக்க விடமாட்டார்கள். தம்பிக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

நூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செய்தவனுக்கு.

ஜூன் 16, புதன்

ஐந்து வருடம் இங்கே இருந்தேன் என்று வருடத்துக்கு ஒரு கடிதமாவது காட்டினால் போதும் என்று மோரீன் கண்டுபிடித்தாள். குடும்பத்தவர் எழுதிக் கொடுப்பது செல்லாது. அரசாங்கமோ வைத்தியசாலையோ தந்ததாக இருக்க வேண்டும்.

எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் சுகந்தி நீல மூடித் தொட்டியில் போட்டுவிடுவாள். ஆனால் நாட்குறிப்பு இருக்கிறது. அலுமாரியின் அடித்தட்டில் பத்தும் இருக்கின்றன. என்ன சமைத்தேன், எந்தத் தொட்டி, யாருக்குக் காய்ச்சல். பரமலிங்கம் இருந்தபோது, இதையெல்லாம் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று சிரிப்பார். சலரோகக்காரருக்கு வருடத்துக்கொரு தடவை கண்ணுக்குள் மருந்து விட்டுப் படம் எடுப்பார்கள். அந்த நாட்கள் எல்லாம் எழுதியிருக்கிறேன். நாளைச் சொன்னால் கண் பரிசோதனைக்காரர் கடிதத்தின் பிரதி தருவார்களாம்.

2016ஐத்தான் முதலில் எடுத்தேன். ஜூன் 21, கண் பரிசோதனை, மங்கலாகத் தெரிந்ததால் சோறு அடிப்பிடித்தது. நல்லது. குறித்துக்கொண்டேன். அதோடு மூடி வைத்திருக்கலாம். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"2016 ஜூன் 23, வியாழன். மழை. தம்பியும் சுகந்தியும் வாக்களிக்கப் போனார்கள். நானும் காரில் போனேன். இலங்கைப் பாஸ்போர்ட்டை விட்டு டச்சுப் பாஸ்போர்ட் எடுத்ததால் எனக்கு இதில் வாக்கில்லை. இலங்கை கொமன்வெல்த் நாடு என்பதால், கொழும்பிலிருந்து நேற்று வந்த மாணவப் பெடியனுக்கு இருக்கிறது. வேடிக்கைதான். மனது கொஞ்சம் கஷ்டப்பட்டது. தம்பி திரும்பி வந்து காரில் ஏறி, 'அக்கா, உங்கட வோட்டையும் சேர்த்துப் போட்டிட்டன்' என்றான். கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பாயாசம் வைத்தேன். இரண்டு தரம் வாங்கிக் குடித்தான்."

முன்பக்கங்களையும் பார்த்தேன். மே மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டம். கோட் போட்ட ஒருவர் வந்து, ஐரோப்பியர் வருவது நின்றால் உங்கள் சொந்தங்கள் ஊரிலிருந்து வரலாம் என்று பேசினாராம். சனம் கைதட்டியதாம். அந்தக் கூட்டத்துக்கு இருநூறு வடை சுட்டது நான். "நல்ல கூட்டம், வடை போதாமல் போய்விட்டது" என்று பெருமையாக எழுதியிருக்கிறேன்.

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. இனி அப்படி எழுதினால் இந்தக் கடதாசிக்கே நான் பொய் சொன்னதாகும். என் தம்பி என்னை ஏமாற்றிவிட்டான். ஏமாற்றியதைக்கூடத் தாங்கலாம், அதற்கு என் கையால் பாயாசம் வாங்கிக் குடித்தான்.

ஜூன் 17, வியாழன்

மீன் வாங்கவில்லை. சமைக்கவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

ஜூன் 22, செவ்வாய்

2016, 17, 18, 19 கிடைத்துவிட்டன. மோரீன் கண் பரிசோதனை நிலையத்துக்குக் காரில் கூட்டிப்போய் அங்கிருந்த பெண்ணிடம் சண்டை பிடித்து இரண்டு நாளில் எடுத்துக் கொடுத்தாள். இந்த வருடத்துக்குத் தடுப்பூசிக் கடிதம் இருக்கிறது. 2020தான் இல்லை. கொரோனாவால் கண் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். வைத்தியரிடம் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தேன். வீட்டுக்குள் இருந்ததற்கு யார் சாட்சி?

ஜூன் 24, வியாழன்

கிடைத்துவிட்டது! எழுதவே சிரிப்பு வருகிறது.

போன வருடத்து நாட்குறிப்பைப் பிரித்தபோது நடுவில் அடையாளத்துக்கு வைத்திருந்த கடிதம் விழுந்தது. அறுபது வயதாகிறவர்களுக்கெல்லாம் இந்த நாட்டு அரசாங்கம் குடல் புற்றுநோய் பார்க்க ஒரு சின்னப் போத்தல் அனுப்பும். மலத்தைக் கொஞ்சம் எடுத்து அடைத்துத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு வந்த ஒரே தபால் அதுதான். சுகந்தி அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மட்டும் அந்தக் கடிதத்தை எறிய மனம் வரவில்லை. முகவரியில் என் பெயர் மட்டும், பிழையில்லாமல், முழுதாக இருந்தது.

மோரீனிடம் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு.

ஜூன் 26, சனி

தம்பி மண்டபத்தில் மற்றவர்களுக்குச் செய்துகொண்டிருந்த நேரத்தில் நான் மோரீன் குசினியில் எனக்குச் செய்தேன்.

போனை என் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். பச்சையும் நீலமுமாக வெளிச்சம் மின்னியது. சிரிக்கக் கூடாதாம். இன்றைக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. கடிதங்களையெல்லாம் படம் எடுத்து அனுப்பினோம். அனுப்பிய பிறகு மோரீன் பிஸ்கட் டின்னைத் திறந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உனக்கு ஒண்டு சொல்ல வேணும். நானும் வெளியேறத்தான் வோட் போட்டனான்."

"தெரியும்" என்றேன். 2016இல் அவள் யன்னலில் அட்டை தொங்கியது.

"இண்டைக்கு வைச்சாலும் அப்பிடித்தான் போடுவன். உன்னைப் பாத்து மாறிட்டன் எண்டு நினைக்காதே. ஆனா இருக்கிற ஆளைத் தூக்கி எறியச் சொல்லி நான் ஒருத்தனுக்கும் சொல்லேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. வந்ததைச் சொன்னேன். உன்னைப் போன்றவர்களால்தான் நான் என் மலக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்றேன், பாதி டச்சில். முழுதையும் கேட்டாள். பிறகு இன்னொரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினாள். ஒல்லாந்தரும் இப்படித்தான், பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்வார்கள், பிறகு சைக்கிளுக்குக் காற்றும் அடித்துத் தருவார்கள். முகத்துக்கு நேரே சொல்கிறவளோடு சண்டை பிடிக்கலாம். மற்றவனோடு எப்படிப் பிடிப்பது?

ஜூன் 27, ஞாயிறு

கோயிலில் தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நூற்று முப்பத்தொரு பேர். முகக்கவசத்தோடு கொஞ்சச் சனம்தான். தமக்கை என்ற முறையில் தாம்பாளத்தை நான் ஏந்த வேண்டும் என்று விமலநாதன் சொல்லிவிட்டார். ஏந்தினேன். பட்டுச் சேலைதான் கட்டினேன்.

"தயாபரன் அண்ணையிட்ட வந்த ஒருத்தரையும் அவர் கைவிடேல்லை" என்று விமலநாதன் பேசினார். அதில் பொய்யில்லை. நான் அவனிடம் வரவில்லை, அவனோடு இருந்தேன்.

படம் எடுத்தார்கள். தம்பி என் தோளில் கை போட்டு நின்றான். அவனுடைய கை சூடாக இருந்தது. ஊரில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் படுத்திருப்பேன், ஆறு வயது அவனுக்கு. தாம்பாளத்தை அவன் தலையில் போடவா, அவனைக் கட்டிப்பிடித்து அழவா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை.

ஜூன் 30, புதன்

விண்ணப்பம் கிடைத்ததற்கு அத்தாட்சி வந்திருக்கிறது. மோரீன் அச்செடுத்துத் தந்தாள். நாட்குறிப்புக்குள் வைத்திருக்கிறேன்.

தம்பி காலையில் கேட்டான். "ஹொலண்ட் போறதைப் பற்றி யோசிச்சனீங்களே அக்கா? டிக்கெட் நான் போடுறன்."

"யோசிக்கிறன்" என்றேன்.

ஓகஸ்ட் 5, வியாழன்

அனுமதி வந்துவிட்டது. நிரந்தரமாக இருக்கலாம்.

விமலநாதனுக்குக் குறியீட்டைக் கொடுத்தேன். திங்கள் வேலைக்கு வரச் சொன்னார். "தம்பிக்கு நன்றி சொல்லுங்கோ அக்கா" என்றார். சொல்கிறேன் என்றேன்.

ஓகஸ்ட் 7, சனி

மோரீனின் பின்னறை சும்மா கிடக்கிறது. மாத வாடகை பேசினோம். இரண்டு பெட்டி, பத்து நாட்குறிப்பு, பரமலிங்கத்தின் படம். நீலச் சீலையைத் தொடவில்லை.

தம்பி வாசலில் நின்றான். "என்ன அக்கா இது? பக்கத்து வீட்டிலயே? சனம் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"எனக்குப் பதிவு வந்திட்டுது தம்பி. ஜூன் இருபத்தாறு போட்டது" என்றேன்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றரை மாதம் காத்திருந்தேன். பார்த்தேன். ஒரு சந்தோஷமும் வரவில்லை. "நான் செய்யத்தான் அக்கா இருந்தனான், உங்கட பேரில ஒரு கடதாசியும் இல்லை, அதுதான் பிந்தி..." என்று தொடங்கினான். பெட்டியைத் தூக்கினேன். சுகந்தி வெளியே வரவில்லை.

ஓகஸ்ட் 15, ஞாயிறு

கிருபாகரன் வந்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறான். புது ஊர்க் குளிர். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கொத்தமல்லித் தண்ணீர் கொதிக்க வைத்து வேலிக்கு மேலால் கொடுத்தேன். "தாங்ஸ் அக்கா" என்றான்.

ஓகஸ்ட் 22, ஞாயிறு

தம்பி வந்தான். கையில் ஒரு படிவம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுகிற அந்தப் படிவம்தான். மோரீனுக்கும் போன கிழமை வந்தது. அதில் அவளுக்குக் கீழே என் பெயரை நானே எழுதினேன்.

"பாருங்கோ அக்கா" என்று நீட்டினான். தயாபரன், சுகந்தி, கிருபாகரன். நாலாவதாக மனோன்மணி பரமலிங்கம். நல்ல எழுத்து அவனுக்கு, சின்னதிலிருந்தே. "உங்கட பேரை எழுதியிருக்கிறன். வீட்டுக்கு வாங்கோ. கிருபாவை ஹோலில படுக்க விடலாம். கோயிலில சனம் ஒருமாதிரிக் கதைக்குது."

உள்ளே போய் 2016ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்து வந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். வாசித்தான். பாயாசம் வரைக்கும் வாசித்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"என்ர வோட்டை எங்க போட்டனீ தம்பி?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எங்கட சனம் வரட்டும் எண்டுதான் அக்கா..."

"நான் ஆரின்ர சனம்?"

அழுதான். ஐம்பத்தாறு வயது ஆம்பிளை. எனக்கும் கண் நிறைந்தது. பத்து வருடம் அந்த வீட்டில் இருந்தபோது எழுதாத பெயரை, இல்லாதபோது எழுதியிருக்கிறான். மோரீனின் பேனையை எடுத்தேன். படிவத்தைச் சுவரில் வைத்து, நாலாவது பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். ஒரே கோடு. பக்கத்தில், 'இவர் இங்கு வசிக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லை.

அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜூன் மாதத்துத் தொலைபேசி ஞாபகம் வந்திருக்க வேண்டும். படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

மோரீன் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?"

"படிவத்தில ஒரு பிழை இருந்தது" என்றேன். "திருத்திக் குடுத்தனான்."